லூர்து அண்ணன் அணைக்க மறந்த வண்டி

நாமகிரிப்பேட்டையில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு நின்றபோது போன் வந்தது. எங்கள் டாக்சி ஸ்டாண்டிலிருந்து பேசினார்கள். "லூர்து அண்ணன் நெஞ்சு வலிக்குதுன்னாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள போயிட்டாருங்க." செசிலி அக்காவுக்குத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டேன். அக்கா அவருடைய மனைவி. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவர். அவருக்கு முன்னால் அண்ணன் போய்விடுவார் என்று நாங்கள் ஒருவரும் நினைத்ததில்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் நானும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்தில் வண்டி போட்டவர்கள். டீசல் வண்டியை விற்றுவிட்டு அவர் ஹைபிரிட் கார் வாங்கி வந்தபோது, இது பெட்ரோல் குடிக்குமா, கரண்டு குடிக்குமா என்று கிண்டலடித்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ரெண்டுலயும் ஓடுமுங்க. மெதுவாப் போனா மோட்டாரே இழுத்துக்கும். வேகமெடுத்தா இன்ஜினும் கூடச் சேந்துக்கும். பிரேக் புடிச்சா அந்த வேகமே கரண்டாகி பேட்டரிக்குப் போயிரும். வயர் சொருகற சோலியே இல்லீங்க."

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் பேட்டரி ஏறுவதைச் சவாரிகளுக்குக் காட்டிப் பூரித்துப்போவார். குறைகளையும் மறைக்க மாட்டார். விலை அதிகம். பைபாஸில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போனால் பெரிய லாபம் இல்லை. நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கை வைக்கவே பயப்படுகிறார்கள். பேட்டரி இடத்தை அடைத்துக்கொள்வதால் அக்காவின் சக்கர நாற்காலியை டிக்கியில் திணிக்கப் பெரும்பாடு. பிறகு எதற்கு இதை வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"அவ தூங்கோணுமுங்க" என்றார்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு உடன் போனபோதுதான் எனக்கு விளங்கியது. டயாலிசிஸ் முடிந்தால் அக்காவுக்குத் தலை பிளக்கும். டீசல் வண்டியின் அதிர்வில் வாந்தி வரும். இந்தக் காரோ சிக்னலில் நின்றதும் இன்ஜின் அடங்கி, நெரிசலில் மோட்டாரிலேயே நகர்ந்தது. அக்கா பின் சீட்டில் அசந்து தூங்கினார். கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து அண்ணன் ஓட்டினார்.

சத்தமில்லாத வண்டி அவரையே ஏமாற்றியதும் உண்டு. வீடு வந்ததும் அணைக்க மறந்து இறங்கி, அக்காவைத் தாங்கிக்கொண்டு நடப்பார். பேட்டரி சற்றுக் குறைந்ததும் ஆளில்லாத வண்டியில் இன்ஜின் தானாகக் கிளம்பும். ஒரு ஞாயிறு, மாதா கோயில் வளாகத்தில் பிரசங்கத்தின் நடுவே அப்படிக் கிளம்பியதும், யாரோ காரைத் திருடுகிறார்கள் என்று காவலாளி ஓடியிருக்கிறார். வீட்டில் அக்கா சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "மறுபடியும் மறந்துட்டீங்களா? போயி ஆஃப் பண்ணிட்டு வாங்க." அண்ணன் சிரித்தபடி திரும்புவார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அக்காவுக்கு டயாலிசிஸ். தள்ளிப்போட முடியாது. அண்ணனின் காரை நான் எடுத்தேன். திரும்பும் வழியெல்லாம் அக்கா கண்களை மூடியே இருந்தார், தூங்கவில்லை. வீட்டு வாசலில் அவரைத் தாங்கிப் படியேற்றும்போது பின்னால் இன்ஜின் கிளம்பியது. நானும் அணைக்க மறந்திருந்தேன்.

அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "போயி ஆஃப் பண்ணிட்டு வாங்க."

பிறகு தம்மைத் தாங்கியிருந்த கையைப் பார்த்தார். அது என் கை. வண்டியை அணைக்கத் திரும்பினேன். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும் சாமி."

இருவரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். பேட்டரி ஏறி இன்ஜின் தானாக அடங்கும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

போய் வாருங்கள் அண்ணா. அக்காவை இனி நான் கூட்டிப்போகிறேன், உங்கள் வண்டியிலேயே.