வலிக்காத கால்

அத்தானுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும், மருந்துக்கடைக்குப் போகும் முன்பே அக்கா மாதாவிடம் போய் நின்றாள். வியாதி குறைந்தால் திருநாளன்று தாராவியிலிருந்து பாந்திரா மாதா கோயில்வரை அவர் செருப்பில்லாமல் நடப்பார் என்று நேர்ச்சை. நேர்ந்தது இவள், நடப்பது அவர். அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான்.

தாகமும் களைப்பும் குறைந்தன. அந்த வருஷம் திருநாளன்று பேய்மழை. மாஹிம் பக்கம் சாக்கடையும் மழையும் ஒன்றாகி முழங்கால்வரை நின்றது. செத்த எலி ஒன்று மிதந்து போனது. கூடப் போன நான், திரும்பிவிடலாம் என்றேன். நேர்ச்சையைப் பாதியில் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று அக்கா அதட்டினாள். அத்தான் சிரித்துக்கொண்டே நடந்தார். தோல் பதனிடும் கொட்டகையில் வேலை செய்பவருக்கு அழுக்குத்தண்ணீர் புதிதா என்ன.

வீட்டில் கால் கழுவும்போதுதான் பார்த்தோம். இடது உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஆழமாக ஏறியிருந்தது. பிடுங்கியபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை.

"ஒண்ணுமே தெரியலட்டி" என்றார்.

அக்காவுக்குப் புல்லரித்துவிட்டது. வலியை மாதா வாங்கிக்கொண்டாள் என்று வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் தொட்டேன்.

ஒரு வாரத்துக்குள் குளிர்காய்ச்சல். கண் மஞ்சளானது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கால் கறுத்து வீங்கி, பேச்சும் குழறிய பிறகே டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் இந்தியில் சொன்னதை நான்தான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். காயத்தின் வழியாக ஒரு கிருமி, மழைத்தண்ணீரிலிருந்து இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ரத்தத்தையே கெடுத்துவிட்டன, சர்க்கரை உள்ள உடம்பால் எதிர்த்து நிற்க முடியவில்லை என்றார். கண்ணாடி குத்திய அன்றைக்கே ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"அவுகளுக்கு வலிக்கவே இல்லன்னு சொல்லுல" என்றாள் அக்கா. குரலில் அப்போதும் பெருமை இருந்தது.

சொன்னேன். டாக்டர் என்னை வெறித்துப் பார்த்தார். அத்தானின் கால் நரம்புகளைச் சர்க்கரை எப்போதோ கொன்றுவிட்டது, அதனால்தான் வலிக்கவில்லை என்றார். அதையும் அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் நம்பவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், போர்வையை விலக்கி, காயமில்லாத வலது காலை நகம் பதியக் கிள்ளினாள். ரத்தம் கசிந்தது.

அத்தான் பாதிக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"மாப்ள, ஒங்க அக்கா எங்க? பக்கத்துல ஆளையே காணும்."

அக்கா காலிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் போய்விட்டார்.