சுற்று எண்ணத் தெரியாத ஜெயவேலு

என் நாத்தனார் புஷ்பலதாவின் கணவர் ஜெயவேலுவைத் தாம்பரத்தில் தெரியாதவர்கள் குறைவு. சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். வயது அறுபத்தெட்டு. வெறும் பேரைச் சொன்னால் சிலருக்குப் பிடிபடாது. “அதாம்ப்பா, சுத்து எண்ணத் தெரியாத ஜெயவேலு” என்றால் பெருங்களத்தூரில் இருப்பவன்கூட வழி சொல்லிவிடுவான். அந்தப் பேர் அவருக்கு எண்பத்தாறாம் வருஷம் வந்தது. அது போனது இந்த வருஷம்தான்.

முதலில் ஒரு கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் நட்டு போல்ட்டு கடை வைத்திருந்த நசீருதீன் பாய்க்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் மொஹ்சின், மகள் ஹஃபீசா. மொஹ்சினும் ஜெயவேலுவும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பட்டறையில் கரி பூசிக்கொண்டு வளர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் பந்தயக் கிறுக்கு. அப்போதெல்லாம் நகரத்துக்கு வடக்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில் வருஷத்துக்கு ஒரு முறை மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். எண்பத்தொன்றாம் வருஷப் பந்தயத்தில் வளைவில் வண்டி சறுக்கி மொஹ்சின் போய்ச் சேர்ந்தான். இருபத்தைந்து வயது, கல்யாணம்கூட ஆகவில்லை.

அடுத்த வருஷம் நசீருதீன் பாய் மகன் பேரில் ஒரு கோப்பை செய்து கொடுத்தார். பித்தளையில் வெள்ளி முலாம், இரண்டு பக்கமும் கைப்பிடி, அடியில் தேக்குக் கட்டை. ஜெயித்தவர்கள் பேரைத் தகட்டில் வெட்டி அந்தக் கட்டையில் வரிசையாகப் பதிப்பார்கள்.

அந்தக் காலத்துப் பந்தயங்களில் பாதிக் கோப்பை இப்படி இறந்தவர்கள் பேரில்தான் இருக்கும். ஒரு டாக்டர் தன் தம்பி பேரில் கொடுத்திருந்தார். ஒரு காப்பித் தோட்டக்காரர் மகன் பேரில் கொடுத்திருந்தார். ஒரு மெக்கானிக் பேரில் அவனுடைய கூட்டாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் செய்திருந்தார்கள். கொடுக்கிறவர்கள் சும்மா கொடுக்க மாட்டார்கள், கூடவே ஒரு நிபந்தனையும் எழுதித் தருவார்கள். இது முதல் தடவை ஓட்டுகிறவனுக்கு, இது சொந்த வண்டியில் வருகிறவனுக்கு என்று. ஜெயித்தவன் ஒரு வருஷம் வீட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த பந்தயத்துக்கு முன் திருப்பித் தர வேண்டும்.

காலம் போகப்போக, கொடுத்த குடும்பங்கள் வேறு ஊருக்குப் போயின. கோப்பைகள் சங்கத்து பீரோவில் கறுத்துப் போயின. ஓடுபாதைப் பந்தயமும் நின்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதுத் தடம் வந்தது. கம்பெனிகள் பேரில் புதுக் கோப்பைகள் வந்தன. மொஹ்சின் கோப்பை மட்டும் விடாமல் வந்துகொண்டே இருந்தது. அதற்குக் காரணம் ஜெயவேலுதான். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால், போன வருஷம் ஜெயித்தவன் எந்த ஊரில் இருந்தாலும் போய்க் கோப்பையை வாங்கி வந்து ஹஃபீசா வீட்டில் வைப்பார். ஒரு வாரம் அது அங்கே இருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் துடைத்துத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயவேலு தன் ஸ்கூட்டரில் வைத்துத் தடத்துக்குக் கொண்டுபோவார்.

நசீருதீன் பாய் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று, அதையும் கோப்பை கொடுத்த மறு வருஷப் பந்தயம் முடிந்த பிறகுதான் எழுதித் தந்தார். தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயிப்பவனுக்குக் கோப்பை சொந்தம், திருப்பித் தர வேண்டாம்.

எண்பத்துநான்கில் ஜெயவேலு ஜெயித்தார். எண்பத்தைந்திலும் அவரே. எண்பத்தாறில் பத்துச் சுற்றுப் பந்தயம். ஒன்பதாவது சுற்று முடிகிறபோது ஜெயவேலு எல்லாருக்கும் முன்னால், பின்னால் வருகிறவன் கண்ணுக்கே எட்டாத தூரத்தில். கோட்டைத் தாண்டினார், நிமிர்ந்து உட்கார்ந்தார், ஜெயித்தவன் மாதிரி கையைத் தூக்கிக் காட்டினார், வண்டியை ஓரம் கட்டிவிட்டார். “இன்னும் ஒரு சுத்து கீதுடா” என்று அத்தனை பேரும் கத்துகிறார்கள். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் வந்தவன் பத்தாவது சுற்றையும் ஓட்டிக் கோப்பையை வாங்கிப் போனான்.

அதற்கு அடுத்த தையில் புஷ்பலதாவோடு கல்யாணம். என் மாமியாருக்கு அவள் ஐந்தாவது, கடைக்குட்டி. அக்கினியைச் சுற்றி வரும்போது என் வீட்டுக்காரரே ஆரம்பித்துவிட்டார். “மாப்ள, மூணு சுத்து. ரெண்டோட கையத் தூக்கினு நின்னுடாதீங்க.” அய்யர்கூட மந்திரத்தை நிறுத்திச் சிரித்தார். ஜெயவேலுவும் சிரித்தார். முப்பத்தொன்பது வருஷமாக யார் கேலி பண்ணினாலும் அந்த ஒரே சிரிப்புத்தான்.

இன்னொன்றும் செய்தார். ஓட்டுவதை விட்ட பிறகு, சங்கத்தில் கேட்டுச் சுற்றுப் பலகை பிடிக்கிற வேலையை வாங்கிக்கொண்டார். இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று கோட்டருகே நின்று ஓட்டுகிறவர்களுக்குக் காட்டும் பலகை. எண்ணத் தெரியாதவன் கையிலா பலகை என்று அதற்கும் சிரித்தார்கள். இன்றுவரை ஒரு எண்கூட மாறியதில்லை.

இத்தனை வருஷத்தில் மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தவன் ஒருவனும் இல்லை. இப்போதுதான் நிகில் வந்தான். காட்டாங்குளத்தூரில் படித்த பையன், வாரநாளில் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிறானால் பந்தயம். போன வருஷமும் அவன்தான், அதற்கு முந்தின வருஷமும் அவன்தான். இந்த வருஷமும் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

நிகிலிடம் கோப்பையை வாங்கி வந்த அன்று ஜெயவேலுவின் முகம் செத்துப்போயிருந்தது. இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சங்கத்துக்கு ஒரு மனுவை டைப் அடித்து எடுத்துக்கொண்டு ஹஃபீசா வீட்டுக்குக் கிளம்பினார். மூன்று வருஷ நிபந்தனையை எடுத்துவிட வேண்டும், கோப்பை எப்போதும் அந்தக் குடும்பத்துக்கே திரும்பி வர வேண்டும் என்று அதில் இருந்தது. கொடுத்த குடும்பத்தின் கையெழுத்து இருந்தால் சங்கம் ஒப்புக்கொள்ளும். புஷ்பலதாவும் நானும் கூடவே போனோம்.

ஹஃபீசாவுக்கு அறுபத்துமூன்று வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மனுவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தாள், மடித்து அவர் கையிலேயே வைத்தாள்.

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேண்ணா.”

“ஏம்மா, அந்தப் புள்ள ஜெயிச்சுட்டான்னா கோப்பை போயிடும். அப்புறம் வராது. தெரியும்ல?”

“போகட்டும். அத்தா அப்படித்தானே எழுதியிருக்காரு.”

“எழுதினாரு. அதுக்காக? உங்க அண்ணன் பேர்ல இருக்கிறது இது ஒண்ணுதான். எவன் வூட்டு ஷோகேஸ்லயோ போயி உக்காரணுமா?”

“அந்தப் பையன் நியாயமா ஓட்டி வாங்கினா, அவன் வீட்டுல உக்காரட்டும்.”

ஜெயவேலுவுக்குக் குரல் ஏறிவிட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

“அப்ப நான் எதுக்கும்மா அன்னிக்கு நின்னேன்? எனக்கு ஒம்போதுக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?”

புஷ்பலதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டினவளுக்கும் அதுவரை தெரியாது.

அவர் நிறுத்தவில்லை. “அன்னிக்குக் காலைல கோப்பைய எடுக்க வந்தேன். உங்கம்மா அத மடில வச்சினு தொடச்சினு கீறாங்க. ‘ஏம்ப்பா, வந்து ஒரு வாரம்தானே ஆச்சு, அதுக்குள்ள கிளம்பிட்டியா’ன்னு மகன் கிட்ட பேசுற மாதிரி பேசினு கீறாங்க. நான் மூணாவது வாட்டியும் ஜெயிச்சா அது என் வூட்டுக்கு வந்துடும், அவங்க மடி காலியா பூடும். ஒம்போது சுத்தும் அதேதான் கண்ணுல நின்னுது. கைய தூக்கிட்டேன்.”

ஹஃபீசா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

“தெரியும்ணா.”

“இன்னா தெரியும்?”

“நீங்க வேணும்னுதான் நின்னீங்கன்னு தெரியும். அத்தா அன்னிக்கே சொல்லிட்டாரு. ‘ஜெயவேலு எண்ணாம விடுற ஆள் இல்ல, நமக்காக விட்டான், இதைப் பத்தி அவன்கிட்ட யாரும் கேக்கக் கூடாது’ன்னு. அதான் நான் வாயே திறக்கல.”

ஜெயவேலு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அத்தா ஏன் மூணு வருஷம்னு எழுதினாருன்னு தெரியுமாண்ணா? அந்தக் கோப்பை வீட்டுல இருக்கிற வாரம் முழுக்க அம்மா சாப்பிட மாட்டாங்க. படுக்க மாட்டாங்க. நீங்க பாத்தது ஒரு காலை. நாங்க பாத்தது ஏழு நாள். கோப்பைய குடுத்தப்புறம் ஒரு மாசம் ஆகும், அவங்க மறுபடி மனுஷியாக. யாராவது ஒருத்தன் ஜெயிச்சு ஒரேடியா எடுத்துட்டுப் போகட்டும், இவளுக்கு விடுதலை கிடைக்கட்டும்னுதான் எழுதினாரு. அந்த வருஷம் நீங்கதான் வாங்குவீங்கன்னு நம்பியிருந்தாரு. மொஹ்சின் வீட்டுல இருந்து ஜெயவேலு வீட்டுக்குப் போனா அது வெளிய போன மாதிரியே இல்லன்னு அம்மாகிட்டயும் சொல்லி வச்சிருந்தாரு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

ஹஃபீசாவின் அம்மா இரண்டாயிரத்து ஒன்றில்தான் காலமானாள். நடுவில் அப்படி எத்தனை வாரம் போயிருக்கும் என்று ஜெயவேலு மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. ஹஃபீசா தேநீர் கொண்டு வந்து கையில் கொடுத்தாள்.

“குடிங்கண்ணா. நல்லது நினைச்சுத்தான் செஞ்சீங்க. அம்மாவுக்கும் உங்க மேல உசுரு. ஞாயித்துக்கிழமை பலகைய ஒழுங்கா பிடிங்க, போதும்.”

மனுவை அவர் அங்கேயே கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பந்தயம். ஜெயவேலு கோட்டருகே நின்று ஒவ்வொரு எண்ணாக மாற்றிக் காட்டினார். ஐந்தாவது சுற்றில் நிகில் இரண்டாவது இடத்துக்குப் போனான். பின்பு மீண்டும் முன்னால் வந்தான். கடைசிச் சுற்றுக்கு அவன் வந்தபோது ஜெயவேலு ‘1’ என்ற பலகையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். எப்போதும் இடுப்பளவில்தான் பிடிப்பார். நிகில் ஜெயித்தான்.

ஹஃபீசா கோப்பையைத் தன் கையாலேயே கொடுத்தாள்.

“இது இனிமே உன்னுது. வருஷா வருஷம் எடுத்துட்டு வர வேண்டாம். புளி போட்டுத் தேய், பவுடர் போட்டா முலாம் போயிடும்.”

“சரி ஆன்ட்டி” என்றான் நிகில். கட்டையில் இருந்த பேர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஜெயவேலுன்னு ரெண்டு இருக்கே. நம்ம அங்கிளா? மூணாவது என்ன ஆச்சு?”

“அவருக்கு ஒரு சுத்து பாக்கி இருக்கு” என்றாள் ஹஃபீசா. பிறகு சங்கத்துச் செயலாளர் பக்கம் திரும்பினாள். “சார், தடம் இப்ப காலியாத்தானே இருக்கு. அண்ணன் அந்தப் பாக்கியை முடிச்சிடட்டும்.”

செயலாளர் தலையைச் சொறிந்தார். ஒரே ஒரு சுற்று, நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்றார். ஜெயவேலு மறுத்துப் பார்த்தார், இது வேற தடம் என்றார், முட்டி வலி என்றார்.

“தடம் வேறயா இருந்தா இன்னா, சுத்து சுத்துதான்” என்றாள் புஷ்பலதா. “ஆனா தனியா வுட மாட்டேன். நடுவுல எங்கியாவது நின்னுடுவ. நானும் வரேன்.”

நிகில் தன் தலைக்கவசத்தை அவளுக்கு மாட்டிவிட்டான். கொண்டையோடு உள்ளே போகவில்லை, அவிழ்த்துப் பின்னித்தான் போட வேண்டியிருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் ஒருக்களித்து ஏறினாள். நிகில் ஓடிப்போய்ச் சுற்றுப் பலகையை எடுத்து ‘1’ வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

போனார்கள். தூரத்து வளைவில் ஸ்கூட்டர் சின்னதாகத் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. ஓட்டினவர்கள், மெக்கானிக்குகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாம் கம்பி வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள். கோட்டைத் தாண்டும்போது ஜெயவேலு கையைத் தூக்கவில்லை. இரண்டு கையும் கைப்பிடியிலேயே இருந்தது. தாண்டி, நிறுத்தி, கால் ஊன்றினார்.

“எண்ணினியா?” என்று பின்னால் கேட்டார்.

“எண்ணினேன். ஒண்ணு. முடிஞ்சுது, எறங்கு” என்றாள் புஷ்பலதா.

மறுநாள் ஹஃபீசா வீட்டுக்குப் போனேன். கோப்பைக்காகக் காலியாகவே விட்டிருந்த அலமாரித் தட்டில் மிக்சியைக் கொண்டு வந்து வைத்துவிட்டாள். சமையலறையில் இடமே இல்லாமல் இத்தனை நாள் அவஸ்தைப்பட்டதாகச் சொன்னாள்.

பட்டறையும் திறந்துவிட்டது. பழைய பேரை இப்போது யாரும் சொல்வதில்லை. வேறு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரே சுத்தை முப்பத்தொம்பது வருஷம் சுத்தின ஜெயவேலு என்று கேளுங்கள், வழி சொல்வார்கள்.