கூரைமேல் கோழி

கண்ணாத்தாள் நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். கணவன் மணிமாறனுக்குத் தீனி அரைக்கும் வேலை. பண்ணை கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அதை விட்டால் அவர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது.

பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. வெளிக்கோழியிடமிருந்து நோய் வந்தால் பண்ணைக் கோழிகள் செட்டு செட்டாக, கொட்டகை கொட்டகையாகச் செத்துப்போகும். ஆடி மாதம் ஒரே ஒரு சேவல் வளர்த்ததற்காகப் பக்கத்து வீட்டுப் பாப்பாயி குடும்பம் வேலை போய்ச் சட்டிபானையோடு டெம்போவில் ஏறியதைக் கண்ணாத்தாள் பார்த்தாள்.

உடைந்த முட்டை ஒழுகி நனைந்த முட்டை அட்டைகளிலும் நோய் ஒட்டியிருக்கும் என்று அவற்றை வெளியே கொண்டுபோகவும் கூடாது. செட்டுக்குப் பின்னால் இருக்கும் குழியில் எரித்துவிட வேண்டும். அந்த வேலையும் அவளுடையதுதான்.

போன் வீடியோவில் ஒரு பெண் பழைய காகிதத்தை ஊறவைத்துக் கிண்ணம் செய்து காட்டினாள். அட்டையும் காகிதம்தானே என்று கண்ணாத்தாளுக்குத் தோன்றியது. குழிக்குப் போக வேண்டியதில் காய்ந்ததாகப் பார்த்து எடுத்து வந்தாள். ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்துக் கூழாக அரைத்து, கவிழ்த்த சட்டியின்மேல் துணி விரித்து அப்பினாள்.

"கூழுன்னதும் திங்கறதுக்குன்னு நெனச்சுப்போட்டேன்" என்றான் மணிமாறன்.

வெயிலில் காய்ந்து கழன்ற கிண்ணம், தட்டினால் கொட்டாங்குச்சி போலச் சத்தம் கொடுத்தது. சூப்பர்வைசர் நவீன்குமார் ஒன்றைக் கேட்டு வாங்கி முதலாளி வீட்டில் கொடுத்தான். எதில் செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம்தான் கோழி செய்தாள். செட்டில் இருப்பவை மூக்கு நுனி வெட்டிய வெள்ளைக் கோழிகள். இவள் செய்தது கூர்மூக்கு நாட்டுக்கோழி. வாலைத் தூக்கி நின்றது. காவி பூசிக் கூரைமேல் காய வைத்தாள்.

"அக்கோவ்! கூரைமேல நிக்கற கோழி யாரோடதுங்க?" என்று வாசலில் நின்று கத்தினான் நவீன்குமார்.

"புடிச்சுக் கொழம்பு வெக்கப்போறீங்களா சார்?"

நவீன்குமார் சிரிக்கவில்லை. அவள் ஸ்டூல் போட்டு ஏறி, கோழியை எடுத்து அவன் கையில் வைத்தாள். கனமே இல்லாததால் அவன் தடுமாறினான்.

"காகிதமுங்க சார்."

"அட! மொதலாளிக்குப் போன் போட்டுத் தொலச்சனே. கேட்டா உழுந்து உழுந்து சிரிப்பாரு."

சிரித்துக்கொண்டே கோழியைத் திருப்பினான். காவி படாத அடிப்பக்கத்தில் அரைபடாத அட்டைத் துணுக்கு ஒன்று, காய்ந்த மஞ்சள் கருவோடு தெரிந்தது.

"இது குழி அட்டைங்களா?"

"காஞ்சதாப் பாத்துத்தானுங்க எடுத்தேன்."

"அன்னைக்கு நான் கொண்டுபோன கிண்ணம்?"

"அதும்தானுங்க."

அவன் கோழியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பேண்டில் துடைத்தான். குரல் இறங்கியது.

"அக்கா, இது நெசக் கோழியாவே இருக்கட்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க கோழி பறந்து வந்துச்சு, முடுக்கி உட்டுட்டேன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க இத எரிச்சுப்போடுங்க."

"கிண்ணமுங்க?"

"அது கெடந்துட்டுப் போகுது."

"மொதலாளி பேத்தி அதுலதான் பொரி போட்டுத் திங்குதாமா. மொதலாளியம்மா சொன்னாங்க சார்."

அவன் முதலாளி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கண்ணாத்தாள் கோழியை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்கு நடந்தாள். "அக்கா, அக்கா" என்று லைன் முனை வரைக்கும் கூடவே வந்தவன் அங்கேயே நின்றுகொண்டான்.

முதலாளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கோழியை அவர் முன்னால் இருந்த மேசைமேல் வைத்தாள்.

"கோழி இதுதானுங்க. உங்க அட்டையில செஞ்சது. குழிக்குப் போறது. அந்தக் கிண்ணமும் அப்படித்தானுங்க. பாப்பாவுக்குக் குடுக்காதீங்க."

அவர் கோழியைத் தொடவில்லை. உள்ளே பார்த்து, கிண்ணத்தை வெளியே போடச் சொன்னார். குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"மணிமாறன் இருந்துட்டுப் போறான். நீ இனிமே செட்டுப் பக்கம் வரக்கூடாது."

"ஊடுங்க?"

"அவன் வேலைக்கு வர்ற வரைக்கும் இருங்க."

அவள் படி இறங்கினாள்.

"ஏம்மா, உங்கோழிய எடுத்துக்கிட்டுப் போ. கொண்டுபோய் எரிச்சுரு."

திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள். எரிக்கிற குழி, அவள் இனிப் போகக் கூடாத செட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வழியில் கோழியோடு நின்றாள்.