மாதா மூடிய பள்ளம்

சாந்தோம் காஸ்பருக்கு வாடகைக் கார்தான் சோறு போடுகிறது. ராயப்பேட்டையில் ஒரு வேன்காரன் ரிவர்ஸ் எடுத்து அதன் பின்கதவை அப்பளமாக்கிவிட்டான். கதவு திறக்காத காரில் யார் ஏறுவார்கள்? இன்சூரன்ஸ் சர்வேயர் அடியைப் பார்த்து எழுதினால்தான் பட்டறைக்கு விட முடியும்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நசுங்கிய காரில் கோயிலுக்குப் போனால் மானம் போகுமென்று, அவர் மனைவி மர்சலின் பள்ளத்தின் மேல் பெரிய வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள்.

மறுநாள் சர்வேயர் மதிவாணன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அடி எங்கய்யா?"

"மாதாவுக்குப் பின்னால கீது சார்."

"பாக்காம எழுத முடியாது. கிழிங்க."

"மாதாவையா? நீங்களே கிழிங்க சார்."

"நான் மட்டும் இன்னா பாவம் பண்ணேன்?"

மர்சலின் முறைத்தாள். "ரெண்டு ஆம்பளைங்க! தள்ளுங்க." வெந்நீர்த் துணியால் ஒற்றி, "கோச்சிக்காத தாயே, இவரு சவாரி போவணும்" என்று கெஞ்சிக்கொண்டே உரித்தாள். "கீழ வெக்கக் கூடாது, புடிங்க சார்."

மதிவாணன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். அப்புறம் போட்டோ எடுக்க அவருக்கு ஏது கை? தன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, காஸ்பரையே படம் பிடிக்கச் சொன்னார். காஸ்பர் தன் காரின் பள்ளத்தைக் கல்யாண வீட்டுப் போட்டோகிராபர் மாதிரி குனிந்தும் மண்டியிட்டும் ஆசை தீர எடுத்தார்.

"போதும்யா, பாஸாயிடும்," என்றார் மதிவாணன். "கை வலிக்குது."