உம்மு சல்மாவின் தேக்சா

அப்துல் அலீம் ஐஸ் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்து, அறுபத்தெட்டாம் ஆண்டு ஓய்வு பெற்றார். கம்பெனி அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, ஜாலான் புசார் பக்கத்தில் இருந்த குவார்ட்டர்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டது. பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். தோ பாயோவில் ஏழாவது மாடியில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. அங்கே போவதென்றால் பாதிச் சாமானையாவது கழித்தாக வேண்டும்.

கழிப்பதில் அவர் மனைவி உம்மு சல்மாவுக்குத் தயக்கமே இல்லை. தேக்கு அலமாரி பழைய சாமான்காரனிடம் போனது. அலீமின் சாய்வு நாற்காலி, அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மருமகன் வீட்டுக்குப் போனது. சுவர்க்கடிகாரமும் தப்பவில்லை.

"வேலைதான் முடிஞ்சிருச்சே, இனிமே நேரம் பாத்து எங்க போகப்போறீங்க?" என்று கேட்டாள்.

ஒன்றே ஒன்றை மட்டும் தொடவிடவில்லை. அது செம்பு தேக்சா. ஒரு முழு ஆட்டையும் அதற்கேற்ற நெய்ச்சோற்றையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளும் பாத்திரம். தெருவில் கல்யாணமோ கந்தூரியோ சுன்னத்தோ, எதுவானாலும் அதுதான் அடுப்பேறும். இரவல் கேட்டு வருகிறவர்கள் முதல் அழைப்பை அவளுக்குத்தான் வைப்பார்கள். திருப்பித் தரும்போது வெறும் பாத்திரமாகத் தரமாட்டார்கள். தேக்சா போகிற வீட்டுக்கு அவளும் கூடவே போய், அடுப்பெரிக்கிறவனில் தொடங்கி மாப்பிள்ளையின் தகப்பன் வரை ஒருவர் விடாமல் ஏசுவாள்.

"கரண்டிய வச்சுச் சுரண்டாதே! ஈயம் போயிரும்! ஈயம் போச்சுன்னா வந்தவன் பூரா ஆஸ்பத்திரியிலதான் கிடப்பான்!"

"நாம ரெண்டு பேரு. கால்படி அரிசி ஆக்குறதுக்கு இது எதுக்கு புள்ள?" என்றார் அலீம்.

"இதையும் குடுத்துட்டா என்னைய யாரு தேடி வருவா?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

குடிபோன அன்று லிஃப்டுக்குள் தேக்சா நுழைந்துவிட்டது, அலீமுக்குத்தான் இடமில்லை. ஏழு மாடியும் படியேறினார். வாசற்கதவைக் கழற்றித்தான் அதை உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஹாலில் பாதியை அது பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் மனுஷர் ஒருக்களித்து நடக்கப் பழகினார். முழங்கால் இடிபடும்போதெல்லாம் எழும் ஓசைக்கு, பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் சுவரைத் தட்டிக் கண்டிப்பாள்.

ஆனால் இரவல் கேட்டு ஒருவரும் வரவில்லை. நோன்புப் பெருநாள் போயிற்று, கல்யாண மாதமும் வந்தது. உம்மு சல்மா புதிதாக ஈயம் பூசி, வெள்ளிதோறும் புளி போட்டுத் தேய்த்துத் தயாராக வைத்திருந்தாள். நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருப்பாள். செருப்பு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நாளாக ஆக, அவள் ஏசுவதும் குறைந்தது. ஒருநாள் அலீம் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டார், அவள் பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள். அதற்குத்தான் அவர் பயந்துபோனார்.

மறுநாளே பஸ் ஏறி, பழைய தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த யாக்கூப்பிடம் போய் நின்றார்.

"தம்பி, ஒரு தடவ வீட்டுக்கு வந்து தேக்சாவ இரவல் கேளு. லாரிய நான் பாத்துக்கிறேன்."

"நானா, என்ன விசேஷம்னு கேட்டா என்ன சொல்றது?"

"வாய்க்கு வந்தத சொல்லு லா!"

ஞாயிற்றுக்கிழமை யாக்கூப் வந்தான். உம்மு சல்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தேத்தண்ணீர் வந்தது, பலகாரம் வந்தது, அதன் பிறகு கேள்வியும் வந்தது.

"என்ன விசேஷம் தம்பி?"

"சின்ன மவனுக்குச் சுன்னத்துக் கல்யாணம் லாத்தா."

அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

"யாரு, கபீருக்கா? அவனுக்குத்தான் முன்னமே இதே தேக்சாவுல சோறு ஆக்கிட்டோமே! மழ பேஞ்சு விறகெல்லாம் நனைஞ்சு, நான் உங்க மாமனார ஏசலையா? ஒரே புள்ளைக்கு எத்தன தடவ தம்பி செய்வீங்க?"

யாக்கூப் அலீமைப் பார்த்தான். அலீம் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மு சல்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எனக்காகப் போய்க் கெஞ்சினீங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஆமா," என்றார் அலீம். வேறென்ன சொல்வது?

யாக்கூப் தலையைச் சொறிந்தான். "மன்னிச்சுக்குங்க லாத்தா. வர்ற மாசம் மவ ருக்கையாவுக்குக் கல்யாணம். அலுமினிய தேக்சா வாடகைக்குச் சொல்லிட்டேன், அதச் சொல்லத்தான் வாய் வரல. பாத்திரம் எங்கயும் கிடைக்குது லா. வந்து ஏசுறதுக்குத்தான் ஆளு இல்ல. நீங்க போனதிலிருந்து எந்த வீட்டுச் சோறும் ஒழுங்கா வேகல. போன கல்யாணத்துல அடி பிடிச்சு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாதியில எழுந்துட்டாங்க. கண்டிப்பா வந்துருங்க."

உம்மு சல்மா தேக்சாவின் விளிம்பை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். பிறகு, "இதைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்க் குடுத்துருங்க தம்பி. வேணுங்கிறவங்க எடுத்து ஆளட்டும்," என்றாள். இரண்டாம் முறையாக வாசற்கதவைக் கழற்றினார்கள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் வெறுங்கையோடு பஸ் ஏறினாள். அலுமினியத்தில் ஈயம் ஏது, போவதற்கு? அதனால் என்ன, ஏசுவதற்கு விறகு இருந்தது, உப்பு இருந்தது, பாத்திரம் வாடகைக்கு விட்டவன் இருந்தான், யாக்கூப் இருந்தான். சாயங்காலம் அலீம் கதவைத் திறந்தபோது, அங்கே நடந்ததையெல்லாம் சொல்ல அவள் ஆவலோடு வாயைத் திறந்தாள். ஏசி ஏசித் தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அலீம் பார்த்து வெகுநாளாகியிருந்தது.