ஒன்பதாவது படம்

தாயில்பட்டிக்கு ரோடு பிரியும் விலக்கில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கோட்டைச்சாமியிடம் மூன்று கேமராக்கள் உண்டு. இரண்டு டிஜிட்டல். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் அவற்றில்தான். வீட்டில் உலை வைப்பதும் அவற்றால்தான். மூன்றாவது, அறுபதுகளில் ஜப்பான்காரன் செய்த கோனி ஒமேகா. இரண்டு செங்கலைச் சேர்த்துக் கைப்பிடி போட்டது மாதிரி இருக்கும். ஒரு ரோலுக்குப் பத்தே படம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வலப்பக்கத்துப் பிடியை வெளியே இழுத்து உள்ளே தள்ள வேண்டும். தள்ளினால் பிலிம் ஒரு படத்துக்கு நகரும், ஷட்டரும் தயாராகும். பேட்டரி கிடையாது.

இருபது வயதில், அப்பாவின் மானாவாரிக் காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டு, தனுஷ்கோடி அண்ணாச்சியின் காலண்டர் பிரஸ்ஸில் எடுபிடியாகச் சேர்ந்தான். அங்கே கண்ணாடி அலமாரியில் அது இருந்தது. வெடிக்கட்டு லேபிளுக்குப் படம் எடுக்க அண்ணாச்சியின் அப்பா வாங்கியது. ஷட்டர் இறுகி, யாரும் தொடாமல் கிடந்தது. நாலு வருஷம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தான். அவன் கல்யாணத்துக்கு அண்ணாச்சி, "எடுத்துட்டுப் போய்யா, உன் கண்ணு அதுமேலதான இருக்கு" என்றார். எழுத்து ஒன்றும் கிடையாது. பதினோரு மாதம் திருகாணி திருகாணியாகக் கழற்றி ஷட்டரை ஓட வைத்தான்.

"பிள்ளைக்குக் காச்சல்னா எங்கிட்ட மாத்திரை குடுக்கச் சொல்லுவாரு. அதுக்குத் தும்மல் வந்தா மதுரைக்குப் பஸ் ஏறிருவாரு" என்பாள் அவன் மனைவி கற்பகவல்லி. அவன் மறுப்பதில்லை.

அண்ணாச்சிக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியும் உண்டு. இந்த வருஷக் காலண்டருக்குக் கம்பெனியையும் அங்கே நிற்கும் வேப்பமரங்களையும் படம் எடுக்கச் சொன்னார். செல்போன், டிஜிட்டல் கேமரா எதுவும் வாசல் தாண்டக் கூடாது. காவல்காரர் கோனி ஒமேகாவைச் சந்தையில் ஆட்டுக்குப் பல் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பேட்டரி இல்லை என்று உறுதியான பிறகே உள்ளே விட்டார்.

வெளியே எட்டுப் படம் எடுத்தான். திரும்பும்போது வெடிமருந்து அடைக்கும் ஓர் அறையைக் கடந்தான். நாலு பக்கமும் கதவு. நாலு பக்கமிருந்தும் வெளிச்சம். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பதினொரு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அழகுமீனா, முழங்கைவரை வெள்ளிப்பொடியோடு பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து திணித்துக்கொண்டிருந்தாள். அவன் ஊர்ப் பெண். முறைக்கு மகள்.

"சித்தப்பா, இது படம் பிடிக்கிறதா, பம்புல தண்ணி அடிக்கிறதா?"

"வாயைக் குறை. வேலையைப் பாரு."

"மூஞ்சியைத் தொடச்சுக்கிறேன், இருங்க."

"தொடைக்காத. அப்படியே இரு."

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவன் அப்போது எண்ணவில்லை. வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்தான். ஒன்பதாவது படம் அது.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அறை வெடித்தது. ஏழு பேர் செத்துப்போனார்கள். அவர்களில் ஆறு பேர் பெயர்தான் கம்பெனிப் பதிவேட்டில் இருந்தது. கம்பெனி சொன்னபடி, அழகுமீனா வேலைக்கு வந்தவளே இல்லை. தோழிக்குச் சோறு கொண்டுவந்தவள். மடியில் செல்போனை மறைத்துக் கொண்டுவந்தாள். அதில்தான் தீப்பொறி கிளம்பியது என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்தார்கள். பிழைத்த நாலு பேரில் இரண்டு பேருக்கு நினைவில்லை. மற்ற இரண்டு பேர் வாய் திறக்கவில்லை.

பிணவறை வாசலில் அவள் புருஷன் பாண்டிச்செல்வம் தனியாக நின்றான். மற்ற ஆறு வீட்டு ஆட்களும் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஒருவர்கூட அவன் பக்கம் திரும்பவில்லை.

"ஆறு பேரைக் கொன்னவளாம் மாமா. அவகிட்ட போனே கிடையாது. என் போனைத்தான் வாங்கிப் பேசுவா. தூக்கக்கூட ஆள் வரமாட்டேங்காக."

கோட்டைச்சாமிக்குத் தாங்கவில்லை. "மாப்ளே, எங்கிட்டப் படம் இருக்கு. அவ உள்ள உக்காந்து மருந்து செலுத்துற படம். கழுவி, நானே அதிகாரிகிட்டக் கொண்டாந்து தாரேன்" என்று சொல்லிவிட்டான்.

பாண்டிச்செல்வம் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அது போதும் மாமா. அவ மேல பழி இல்லன்னு ஆனாப் போதும்."

வீட்டில் பிலிம் கழுவும் மருந்து இருந்தது, டப்பா இருந்தது. கோட்டைச்சாமி இரண்டு நாள் அவற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அண்ணாச்சி, கேமராவோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போகும்போது ஒன்று தோன்றியது. ஒன்பதாவது படம் இன்னும் லென்ஸுக்கு நேராகத்தான் நிற்கிறது. பிடியை ஒருமுறை இழுத்துத் தள்ளினால் அது உள்ளே சுருண்டு பத்திரமாகிவிடும். பிறகு யார் திறக்கச் சொன்னாலும் வெறும் பிலிம்தான் வெயிலைப் பார்க்கும். அண்ணாச்சிக்கு இதெல்லாம் தெரியாது. பிடியில் கை வைத்தான். படம் வெளியே வந்த அன்றைக்கே கேமரா கைவிட்டுப் போகும் என்பதும் தெரிந்தது. கையை எடுத்துவிட்டான்.

அண்ணாச்சி சவரம் செய்திருக்கவில்லை. "சாப்பிட்டியாய்யா? எனக்கு மூணு நாளாச் சோறு இறங்கலை" என்றார். கேமராவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "அப்பா வாங்குனது. பில்லு இருக்கு."

"நீங்கதான குடுத்தீக அண்ணாச்சி."

"குடுத்தேன். இப்பக் கேக்கேன்." கேமராவை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "உள்ள ஒரு ரோல் கிடக்காம்ல. அதை நான் தொடமாட்டேன். நீயே முத்தத்துல நின்னு திறந்து காட்டு. அப்புறம் இது உனக்கு. எழுதியே தாரேன். இல்லையா, ரோலை எடுத்துட்டுப் போ, கேமராவை அலமாரியில வச்சிட்டுப் போ. ஒருத்தரும் உன்னை மறிக்கமாட்டாக."

வாசல் திறந்துதான் இருந்தது. காவலுக்குக்கூட ஆள் இல்லை. கோட்டைச்சாமி அலமாரியைப் பார்த்தான். பழைய தட்டு காலியாகவே இருந்தது. மறுபடி ஷட்டர் இறுகிப்போகும் என்று நினைத்தான். அழகுமீனாவைப் பற்றி அந்த நேரத்தில் நினைத்தது குறைவு. அதை அவன் எவரிடமும் சொன்னதில்லை.

முற்றத்துக்கு வந்து, கேமராவின் முதுகைத் தனியே கழற்றினான். ரோல் அதற்குள்தான் இருக்கும். வெளிச்சம் படாமல் ஒரு தகடு மூடியிருக்கும். தகட்டை உருவிவிட்டு, சித்திரை வெயிலுக்கு நேராகப் பிடித்தான். வெளிறிய பிலிம், உள்ளங்கை அகலம். பார்க்க ஒன்றுமே இல்லை.

"அம்புட்டுத்தானா?" என்றார் அண்ணாச்சி.

"அம்புட்டுத்தான் அண்ணாச்சி."

அவர் சொன்ன சொல் தவறாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அன்று சாயங்காலமே கோட்டைச்சாமி ரோலைக் கழுவினான். உள்ளே சுருண்டிருந்த எட்டுப் படமும் பிழைத்திருந்தன. இலை இலையாக வேப்பமரங்கள். இவ்வளவு நன்றாக அந்தக் கேமரா எடுத்ததே இல்லை. வெயில் பட்ட ஒன்பதாவது கட்டம் மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. ஈரம் சொட்டக் கொடியில் தொங்கவிட்டிருந்தபோது பாண்டிச்செல்வம் வந்தான்.

"வந்துருச்சா மாமா?"

"கறுத்துப்போச்சு மாப்ளே. மருந்து பழசு."

அவன் பிலிமைப் பார்த்தான். மரங்களைப் பார்த்தான். மற்ற எட்டும் அதே மருந்தில்தான் கழுவியவை என்பது அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. கறுப்புக் கட்டத்தை மட்டும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வெகுநேரம் நின்றான்.

"இதுல அவ எங்கன இருந்தா?"

கோட்டைச்சாமி விரலால் காட்டினான். "இங்கன. முன்னால."

"இதை மட்டும் கத்தரிச்சுத் தாங்க மாமா."

கத்தரித்துக் கொடுத்தான். பாண்டிச்செல்வம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது எங்களுக்காக நின்னீக" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.