வாசிக்காமல் விட்ட கடைசிப் பக்கம்

மாணவர்கள் படிப்பை ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்காக நேர்காணல் செய்துகொண்டிருந்தேன். கைபேசி, தூக்கம், காதல் என்றே பெரும்பாலும் பதில் வந்தது. வாவிக்கரை ஊரான தன்னாமுனையிலிருந்து வந்த ஒரு மெலிந்த மாணவி, பேசும்போதெல்லாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிக்காமல் விடுவாளாம்.

“ஏன்?” என்றேன்.

“நான் சத்தமா வாசிச்சு முடியுமட்டும் அப்பா கேட்டுட்டு இருப்பார், மிஸ். அதுக்கு மறுகாதான் வாவிக்கு மீன்பிடிக்கப் போவார். அண்டைக்கு நான் ஒரே மூச்சில கெதியா வாசிச்சு முடிச்சிட்டன். அவர் போன பிறகுதான் காத்து எழும்பினது. இன்னும் ஒரு பக்கம் கிடந்திருந்தா, காத்தைப் பாத்துட்டு நிண்டிருப்பார். தோணி மட்டும்தான் கரைக்கு வந்தது.”

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி, ஒவ்வொரு பதிலுக்கும் அருகில் ‘சோம்பல்’, ‘பயம்’ என்று ஒரு காரணத்தைக் குறிப்பது எங்கள் வேலை. அவளுடைய பதிலுக்கு அருகில் இன்னும் எதுவும் எழுதவில்லை.

பதிவின் முடிவில் என் குரல் கேட்கிறது: “கேள்வியெல்லாம் முடிஞ்சுது. நீங்க போகலாம்.”

நாற்காலி நகரும் சத்தம் வரவில்லை. அவள் குரல்தான் வருகிறது.

“இன்னும் ஒரு கேள்வி கிடக்கெண்டு சொல்லுங்க, மிஸ்.”